பூட்டு பெடலும் சம்பந்தி வாசலும்

திண்டிவனம்,
19.6.88

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சீனுவாசன் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீட்டுக்காரி பாஞ்சாலியும் கறவை மாடும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்குப் பின்னால் வருகிறேன். அங்கே தங்கை கோவிந்தம்மாளும் குழந்தைகளும் நீங்களும் நலமாயிருக்க மயிலம் முருகனை வேண்டுகிறேன். வீட்டு மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்வது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் எங்காவது கோபம் தென்பட்டால் அது பேனாவின் கோளாறு என்று கொள்ளவும்.

மழையில் பெடல் வழுக்குகிறது, மண்டிக்குத் தினமும் லேட்டாகிறது என்று நான் உங்களிடம் சொன்னது ஒரு பேச்சுக்கு. நீங்களோ இரும்பை கிராமத்துப் பக்கம் சமையல் செய்துபோட்ட பிரெஞ்சுக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போன பூட்டு பெடலையும் அதற்கான பூட்சையும் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டீர்கள். பூட்சின் அடிக்கட்டையைப் பெடலில் வைத்து அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும், கழற்றக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். மாட்டிக்கொள்ளும் என்பது சத்தியமான வார்த்தை. ஆனால் பூட்ஸ் துரையின் அளவு. பாஞ்சாலியின் பழைய ரவிக்கையை உள்ளே திணித்துக் கயிற்றை இறுக்கிக் கட்டியும், குதிகாலைத் திருப்பினால் கால் மட்டும் உள்ளே திரும்புகிறதே தவிர பூட்ஸ் அசைவேனா என்கிறது. வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் மண்டிக்கு முதலாளிக்கு முன்பே போய்விட்டேன். போய் என்ன செய்ய? மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கில் சாய்ந்து நின்று, ஆட்கள் வந்து கயிற்றை அவிழ்த்துவிட்ட பிறகுதான் தரையில் கால் வைத்தேன். வழியில் மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வது என் வழக்கம். அன்றைக்குக் காலும் எடுக்க முடியவில்லை, கன்னத்தில் போடக் கையை விட்டதும் வேலிக்குள் போய்விட்டேன். பழைய பெடலை மாட்டிவிடலாம் என்றால் அதை சைக்கிள் கடை மாரியப்பன் வேறு எவனுக்கோ விற்றுவிட்டான். இந்தப் பெடலிலோ செருப்புக் கால் நிற்பதில்லை.

இது வரைக்கும் என் உடம்போடு போயிற்று. அடுத்தது நம் பெண் அம்சாவின் வாழ்க்கை. அரங்கநாதன் வீட்டுச் சம்பந்தம் உங்களுக்குத் தெரியும். பையன் தங்கமானவன், அம்சாவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் விழுப்புரத்தில் அவள் டீச்சர் டிரெயினிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அரங்கநாதனோ ஆவணியிலேயே கல்யாணம், படிப்பை நிறுத்திவிடலாம் என்று உறவுக்காரர்கள் நடுவில் சொல்லிவிட்டார். "அப்பா, எனக்கு ரெண்டும் வேணும்" என்று அம்சா அழுதுவிட்டுப் போனாள். நான் நல்ல வேளை பார்த்துப் பணிவாகக் கேட்கலாம் என்றிருந்தேன். பெடல் மாட்டிய இரண்டாம் நாள் காலையில் அவர் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறார். பெரியவர்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நாலடி தள்ளிக்கொண்டு போவது நம் பக்கத்து மரியாதை, சம்பந்தியாக வரப்போகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். நானோ நிறுத்தினால் விழுவேன். அதனால் ஒரு சலாம் போட்டுவிட்டுப் பறந்துவிட்டேன். சாயங்காலமே தரகர் தேவநாதன் வந்து நிற்கிறார். "இன்னாங்க நீங்க, பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடியே தலைக்கனமா? அவரு ரொம்ப பேஜாராயிட்டாரு, வேற எடம் பாக்கறேன்றாரு" என்றார். பாஞ்சாலி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாள் மண்டிக்குப் போகிற வழியில் மன்னிப்புக் கேட்டே தீருவது என்று கிளம்பினேன். அவர் வாசலில் பத்துப் பேரோடு பேசிக்கொண்டிருந்தார். குதிகாலைத் திருப்புகிறேன், கழலவில்லை. நின்றால் விழுவேன் என்று வாசலிலேயே வட்டம் போட்டேன். சுற்றிக்கொண்டே "மன்னிச்சிக்கணும், மன்னிச்சிக்கணும்" என்கிறேன், எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். தலை சுற்றி, இடது முழங்கால் தரையில் மோத, சைக்கிளோடு நேராக அவர் காலடியில் விழுந்தேன்.

அவர் பதறிப்போனார். "பொண்ணு குடுக்கறவரு எங்காலுல வுழறதா? எழுந்திருங்க!"

"முடியலீங்க."

"உங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதா? பொண்ணு படிப்பை முடிக்கணும், அதானே? முடிக்கட்டும். அடுத்த வைகாசியில வச்சிக்கலாம். எழுந்திருங்க சம்பந்தி!"

சம்பந்தி என்று அவர் வாயால் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை, வலியால் இல்லை. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை.

"இன்னும் படுத்துக்கினே இருக்காரே! சரி, வேலைக்கும் போவட்டும். போதுமா?"

அந்த நேரம் பார்த்துக் கயிறு அறுந்து கால் வெளியே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாங்கியிருந்தால் கல்யாணச் சாப்பாட்டையும் அவரே போட்டிருப்பார்.

ஆகவே காரியம் ஜெயம். ஆனால் வேலைக்குப் போகிறவனுக்குச் சாதா பெடல்தான் சரி. வழுக்கினாலும் இறங்க விடும். தங்கள் பெடலையும் பூட்சையும் திங்கட்கிழமை புதுச்சேரி பஸ்ஸில் அனுப்பிவைக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் ஆள் விட்டு வாங்கிக்கொள்ளவும். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்களுக்கு ஆசி சொல்ல எனக்கு வயதிருந்தாலும் முறையில்லை, ஆகவே கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தாண்டவராயன்

பின்குறிப்பு: பெடல் வராது. கவரை ஒட்டும் நேரத்தில் சம்பந்தியே நேரில் வந்துவிட்டார். "உங்க காலு பெடல்ல மாட்டிக்கினு இருந்ததை நான் அப்பவே பாத்துட்டேன். நாலு பேரு எதுர்ல சொன்ன பேச்சை மாத்தறதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?" என்றார். அவருடைய மூத்த பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்ப மாட்டேன் என்று அவள் மாமனார், திருவெண்ணெய்நல்லூர் சம்பந்தி, பிடிவாதம் பிடிக்கிறாராம், அவர் வாசலில் போய் விழுவதற்காகப் பெடலையும் பூட்சையும் கேட்டார். எடுத்துக் கொடுத்து, எப்படிக் கழற்றுவது என்று காட்டக் குனிந்தேன். "அதை வுடுங்க சம்பந்தி, அவரு சரின்ற வரைக்கும் கழலாம இருக்கறதுக்கு வழி சொல்லுங்க" என்றார்.