ஏகாம்பரம் கடைக்கு மாலை விழுந்த கதை

திருமுல்லைவாயில்ல ஒரு கடையைப் படம் பிடிச்சிட்டு, மத்தியானச் சோத்துக்கு அம்பத்தூர் திரும்பிடணும். அன்னைக்கு என் வேலை அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் பட்டாளம் ஆவடில வந்து இறங்கின சமயம். லாரி போறதுக்கு ரோட்டை அகலப்படுத்தினாங்க. ஏகாம்பரம்ங்கிறவரோட மளிகைக் கடை குறுக்கே நின்னுச்சு. ரொம்பப் பழைய கட்டடம். தேக்குத் தூண், பலகைக் கதவு, நாட்டு ஓடு. மறுநாள் காலைல இடிக்கிறதா ஏற்பாடு.

ரோடு போடற ஜில்லா போர்டு ஆபீஸ் ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டார். "இடிக்கிறதுக்கு முன்னாடி ஃபைலுக்கு ஒரு படம் வேணும். கட்டடம் மட்டும். ஒரு காக்கா குருவி இருக்கக் கூடாது. சரியா செஞ்சேன்னா பாலம், சத்திரம், மதகு எல்லாம் இனிமே நீதான்!"

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. என் பிழைப்பு அப்படி.

உயிரோட இருக்கும்போது படம் பிடிச்சா ஆயுசு குறையும்னு அப்பல்லாம் யாரும் கேமரா முன்னாடி வரமாட்டாங்க. செத்ததும் குளிப்பாட்டி, நாற்காலில உட்கார வெச்சு, மாலையைப் போட்டு, "கூப்பிடு போட்டோக்காரனை!"ம்பாங்க. அம்பத்தூர் சுத்துவட்டாரத்துல நான் பிடிச்ச முகமெல்லாம் கண்ணை மூடின முகம்தான். ஒருத்தராவது "என் படம் நல்லா வந்திருக்கு"ன்னு சொன்னது கிடையாது. எப்படிச் சொல்லுவாங்க!

பாலத்துக்கு யாரும் அழமாட்டாங்க. மதகுக்கு ஒப்பாரி கிடையாது. இந்த ஒரு படம் சரியா வந்துட்டா நான் தப்பிச்சேன்.

சைக்கிள் கேரியர்ல கேமராவோட மூணு கால் ஸ்டாண்டு. தோள்ல பெட்டி. பெட்டிக்குள்ள படம் பதியற கண்ணாடிப் பிளேட், ரெண்டே ரெண்டு. யுத்த காலத்துல மூணாவது கிடைக்கலை.

வழியில தயிர்க்காரம்மா நிறுத்தினா. "இன்னா நைனா, யாரு ஊட்டுக்கு?"

"ஏகாம்பரம் கடைக்கு."

"ஐயய்யோ! முந்தாநாளு கூட அவரு கையால புளி வாங்கினேனே!"

தலைல கூடையோட அண்ணனூர் பக்கம் ஓட ஆரம்பிச்சா. தயிரை வித்துத் தீர்க்கிற அவசரம்னு நினைச்சேன். என் புத்தி அவ்வளவுதான்.

அடுத்து ஒரு வண்டிக்காரர். அவரும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். மாட்டை நிறுத்தித் தலைப்பாகையைக் கழட்டிட்டார். போட்டோக்காரனுக்கும் மரியாதை வந்துடுச்சேன்னு பதிலுக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன்.

கடையில ஏகாம்பரம் துவரம்பருப்பு நிறுத்துகிட்டு இருந்தார். என் ஸ்டாண்டைப் பார்த்ததும் தராசு ஆடிச்சு.

"யோவ்! நான் இன்னும் உசுரோடதான் கீறேன்!"

"உங்களை இல்லீங்க. கடையைப் படம் பிடிக்க வந்தேன்."

"அப்டியா? புடி. நான் உள்ளாற பூடறேன். எனக்கு இன்னும் பொண்ணு கல்யாணம் கீது."

வாங்க வந்தவங்களை விலக்கினேன். நாயை விரட்டினேன். கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டேன். கேமராவோட பின்கண்ணாடில கடை தலைகீழா அம்சமா நின்னுச்சு. பிளேட்டைச் சொருகி, லென்ஸ் மூடியைக் கழட்டினேன். ஒண்ணு... ரெண்டு...

"ஐயோ, என் தம்பீ!"

தலைவிரிகோலமா ஒரு அம்மா ஓடி வந்து வாசப்படியில விழுந்தாங்க. பின்னாடியே அண்ணனூர் பாதி வந்துச்சு. முதல் பிளேட் போச்சு!

ஏகாம்பரத்தோட அக்கா தனகோட்டியாம், அண்ணனூர்ல வாக்கப்பட்டவங்க. தயிர்க்காரம்மா ஓடினது அங்கதான். தம்பி தன் வீட்டுக் காதுகுத்துக்கு நேர்ல வந்து வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கலைன்னு ஏழு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. அதையும் ஒப்பாரியிலேயே சொல்லி அழுதாங்க. "ஒரு வாட்டி வந்து பேசியிருக்கக் கூடாதா நானு! வெத்தலையா பெருசு!"

ஏகாம்பரம் தராசோட வெளியே வந்தார். "இன்னாக்கா?"

அழுகை நின்னுச்சு. அக்கா தம்பியை மேலேருந்து கீழே வரைக்கும் பார்த்தாங்க.

"நீ சாவலியா?"

"இல்லியே!"

"பின்ன இன்னாத்துக்குடா என்னிய இம்மாந்தூரம் ஓட வுட்டே?"

முதுகுல ஒண்ணு வெச்சாங்க. அடிச்ச கையாலேயே கட்டிப் பிடிச்சு மறுபடி அழுதாங்க. நான்கூட கறுப்புத் துணியில கண்ணைத் தொடைச்சுகிட்டேன்.

அப்புறம்தான் எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க.

"சாவே இல்லாத ஊட்டுக்கு நீ இன்னாத்துக்குய்யா வந்தே?"

பதில் சொல்றதுக்குள்ள அடுத்த சிக்கல். அக்கா மருமகன் ரோஜா மாலையோட நின்னுகிட்டு இருந்தார். "சாவுக்கு வாங்கின மாலைய ஊட்டுக்குத் திருப்பி எடுத்துகினு போவக் கூடாதே!" மேளக்காரங்களும் வந்தாச்சு. தோள்ல மாட்டின மேளத்தைக் கொட்டாம கழட்டமாட்டோம்னு பிடிவாதம்.

மாலை என் கழுத்துக்கு அளவா இருக்கும்னு கூட்டத்துல ஒருத்தர் சொன்னார்.

அக்காதான் காப்பாத்தினாங்க. "கடைக்குப் போடுங்க. நாளைக்குப் போவப் போறது அதானே!"

தேக்குத் தூணுக்கு மாலை ஏறிச்சு. மேளம் கொட்டிச்சு. அக்கா தூணைக் கட்டிகிட்டு, தம்பிக்கு எடுத்த ஒப்பாரியை அப்படியே கடைக்குத் திருப்பிவிட்டாங்க. அதுவரைக்கும் சிரிச்சுகிட்டு இருந்த ஏகாம்பரம், "அக்கா, அது நம்ப அப்பன் போட்ட ஓடு"ன்னு சொல்லிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கடைசி பிளேட்டுங்க! கொஞ்சம் விலகுங்க! கட்டடம் மட்டும்!"னு கத்தினேன்.

"சாவுக்கு வந்துட்டு, கூட நிக்காம போறதா?"ன்னு அக்கா அதட்டினாங்க.

கடையைச் சுத்தி நாப்பது பேர் நின்னாங்க. ஆயுசு பயத்தை மறந்து ஏகாம்பரமும் நடுவுல நின்னார். மத்தியானச் சோறு எப்பவோ போச்சு, வெயிலும் இறங்கிடுச்சு. வேற வழியில்லாம மூடியைக் கழட்டினேன். ஒருத்தரும் அசையலை. என் வாழ்க்கையில அவ்வளவு சுத்தமா வந்த படம் கிடையாது.

மறுநாள் கடையை இடிச்சு முடிச்சப்புறம் படத்தை ஓவர்சியர்கிட்ட நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"கட்டடம் மட்டும்னேன். இதுல யாருய்யா செத்தது?"

"கட்டடம்தான் சார்."

"போ. வேலை இருந்தா சொல்லி அனுப்பறேன்."

நாலு நாள் கழிச்சு நிஜமாவே சொல்லி அனுப்பினார்! ஆபீஸ் பியூன் வாசல்ல வந்து நின்னதும், "பாலமா? மதகா?"ன்னு கேட்டுகிட்டே சட்டையை மாட்டினேன்.

"ஓவர்சியரோட மாமனாரு. நாற்காலில குந்த வெச்சாச்சு, சீக்கிரம் வா."