தாய்க்கோழி மார்க்கா சாப்ட்வேர்

அல்லிநகரம்,
21.5.2004

பிரியமுள்ள பொன்னுராஜ் மச்சான் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கையும் மகள் ஜெபஷீலாவும் இங்கே சுகம். அங்கே தங்களுக்கு மூட்டு வலி மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறோம், ஜெபத்திலும் வைத்திருக்கிறோம். நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது. இனிமேல் வருவதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முடிந்தால் சத்தமாகப் படிக்கவும். அடுப்படியில் இருக்கும் அக்காவுக்கும் கேட்கட்டும்.

சென்னையில் உங்கள் கம்பெனியிலேயே ஷீலாவுக்கு வேலை பேசி, ஜூன் ஏழாம் தேதி வந்து சேரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தீர்கள். ரொம்ப நன்றி. அவள் வரமாட்டாள். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் சாக்குக் கடை மாடியில் இரண்டு வருஷமாக உட்கார்ந்து அந்தப் பிள்ளை ஒரு சாப்ட்வேர் செய்தது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படிக்காத ஆளும் அதை வைத்துத் தனக்கென்று ஒரு இணையப் பக்கம் செய்துகொள்ளலாம். படத்தைத் தேர்ந்தெடுத்து, தமிழிலேயே விவரத்தை அடித்து, பட்டனை அமுக்கினால் முடிந்தது. டிவியில் சேனல் மாற்றவே மகளைக் கூப்பிடுகிற நான், என் ஒற்றை விரலால் அரை மணி நேரத்தில் நம் கடைக்கு ஒரு பக்கம் செய்தேன். ஆக, சரக்கில் குறை இல்லை. ஆனால் வாங்கியது யார்? பதினோரு பேர். எல்லாரும் நம் சபையார், இல்லாவிட்டால் சொந்தக்காரர். தாங்கள் வாங்கிய இரண்டும் இன்னும் பிரிக்காமல் பீரோவில் இருப்பதாக அக்காவே போனில் சொன்னார்கள். நம் சபை ஐயர் தன்னுடையதைக் காணிக்கைப் பையோடு பத்திரமாக வைத்திருக்கிறார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள்.

"எல்லாரும் ஒங்க முகத்துக்காக வாங்கிருக்காகப்பா. நம்மளத் தெரியாத ஒரே ஒரு ஆளு வேணும்னு கேட்டு வாங்கட்டும். ஜூன் ஏழுக்குள்ள அது நடக்கலன்னா நான் மெட்ராஸ் போறேன். அப்புறம் இதத் தொடவே மாட்டேன்" என்றாள்.

இரண்டு வருஷ உழைப்பு, என் பிள்ளையுடையது. இவ்வளவு செய்தவள் அதற்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? டபிள்யூ.டி.எஸ். ஒன் பாயிண்ட் ஜீரோ. இது பெயரா, லாரி நம்பரா? முப்பது வருஷமாகச் சாக்கு வியாபாரம் செய்கிறவன் நான். இந்தத் தேனிச் சந்தையில் சாக்கின்மேல் மை அடிக்கிற மார்க்காவில் பாதி என் கடைத் தகரத்தில் வெட்டியது. ஒரே தோட்டத்து மிளகாயை இரண்டு வியாபாரி வாங்கி, ஒருவர் வெறும் சாக்கிலும் இன்னொருவர் கொக்கு மார்க்கா சாக்கிலும் ஏற்றினால், விருதுநகர்க்காரர் கொக்குக்குத்தான் முதலில் கை நீட்டுவார். அது ஏமாற்று இல்லை. ஒரே ஒரு தடவை கொக்குச் சாக்கில் ஈர மிளகாய் வந்துவிட்டால் அதோடு கொக்கு செத்தது என்று வியாபாரிக்குத் தெரியும், அதனால் மார்க்கா போட்டவன் பயந்துகொண்டாவது நல்ல சரக்கைப் போடுவான். மிளகாயையாவது கிள்ளிப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம். சாப்ட்வேரை எங்கே கிள்ளுவது? அதற்கல்லவா மார்க்கா முதலில் வேண்டும்! இதை அவள் காலேஜில் ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, நான் சொன்னேன்.

நம் குடோனில் தாய்க்கோழியும் நாலு குஞ்சும் வெட்டின தகரம் ஒன்று சும்மா கிடந்தது. கம்பு வியாபாரி ஒருவர் செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமலே போய்விட்டார். நல்ல படம், குடும்பமான படம். சிடி நுழைகிற அகலத்துக்குச் சின்னச் சின்னச் சாக்காகத் தைத்து, கோழியைச் சிவப்பு மையில் அடித்து, சாப்ட்வேர் சிடியைச் சாக்குக்கு ஒன்றாக உள்ளே போட்டு, கோணி ஊசியால் சணல் கோத்து வாயைக் கட்டினேன். ஷீலா பார்த்தாள். "கோழியா" என்று மட்டும் கேட்டாள், மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் உங்கள் தங்கைதான் சமாதானம் செய்துவைத்தாள்: சாக்குக்கு மேலே என் இஷ்டம், உள்ளே அவள் இஷ்டம். அவள் வீம்புக்குச் சிடியில் ஒரு பெயரும் போடவில்லை, கம்ப்யூட்டர் திரையிலும் போடவில்லை. சந்தேகம் கேட்க நம் வீட்டு போன் நம்பர் மட்டும் இருக்கும்.

அடுத்து விளம்பரம். ஆண்டிபட்டி ரோட்டில் ஒரு நல்ல சுவரைப் பிடித்து, பெயிண்டர் அழகரிடம் விட்டேன். அவன் கலைஞன். கோழியை வரைந்தான், வரைந்தான், சுவர் தீரும்வரை வரைந்தான். சாப்ட்வேர் என்ற எழுத்துக்குக் கோழியின் காலடியில் ஒரு சாண் இடம்தான் மிஞ்சியது. மறுநாளே சங்கிலியம்மாள் என்ற ஒரு அம்மாள் பஸ் பிடித்துக் கடைக்கு வந்து, சுவரில் பார்த்தேன், ஒன்று கொடுங்கள் என்றார்கள். தெரியாத ஆள்! கேட்டு வாங்குகிற ஆள்! நான் மாடியைப் பார்த்து ஷீலாவைக் கூவிக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து நிற்கும்போது அந்த அம்மாள் சாக்கைப் பிரித்து, சிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்கள்: "இதத் தண்ணியில கரச்சு வைக்கணுமா தாயி, தவிட்டுல பெசஞ்சு வைக்கணுமா? எங்க கோழியெல்லாம் வெயில்ல சொணங்கிக் கெடக்கு."

காசைத் திருப்பிக் கொடுத்து, மோர் கொடுத்து அனுப்பினோம். அந்த வாரத்தில் இன்னும் ஆறு பேர் கோழித் தீவனம் கேட்டு வந்தார்கள். ஷீலா பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். நான் அசரவில்லை. கோழி நாலு பேர் மனசில் உட்கார்ந்துவிட்டது, நாளைக்கு அதில் ஒருவன் சாப்ட்வேர் கேட்பான் என்றேன். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் பத்துச் சாக்கைச் சரமாகத் தொங்கவிட்டேன்.

இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். முந்தாநாள் குமுளியிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். தேக்கடி பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாமான் விற்கிற மலையாளத்துக்காரர். முன்னே பின்னே பழக்கமில்லை. தேனியில் பஸ் மாறும்போது பெட்டிக்கடையில் பார்த்தாராம், நம் நம்பரையும் அங்கேயே வாங்கினாராம், இருபத்தைந்து அனுப்பச் சொன்னார். யார் செய்தது என்று கேட்கவில்லை, உள்ளே என்ன என்றுகூடக் கேட்கவில்லை! மார்க்காவைப் பார்த்தார், வாங்கினார். இதைத்தானே மச்சான் நான் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? குமுளி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், பணமும் வந்து சேர்ந்தது. அடுக்கின துணியையெல்லாம் ஷீலா திரும்ப எடுத்து வைத்துவிட்டாள். ஆகவே உங்கள் கம்பெனியில் அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். ஷீலாவுக்குத் தகப்பன் இருக்கிறான், தகப்பனிடம் தொழில் இருக்கிறது.

அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
சா. ஞானசிகாமணி

பின்குறிப்பு (23.5.2004): நேற்றுக் காலையில் கவரை ஒட்டப் போகும்போது குமுளிக்காரர் மறுபடி போன் செய்தார். "சாரே, சின்னச் சாக்கு ரெண்டு நாள்ல தீர்ந்து. வெள்ளைக்காரங்க ஏலக்காய் போட்டுக் கொண்டு போறாங்க. இன்னும் நூறு வேணும். உள்ள இருந்த தட்டு வேண்டா, அத எடுத்து ஒரு மூலைல வச்சிருக்கு" என்றார். மச்சான், அவர் வாங்கியது என் சாக்கை. என் பிள்ளையின் சரக்கை யாரும் சீந்தவில்லை. இதை எப்படி அவளிடம் சொல்வது என்று ஒரு பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு திரிந்தேன், பிறகு சொல்லிவிட்டேன். அவள் மாடியேறிப் போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

இன்று சாயங்காலம் மறுபடி போன், ஷீலா எடுத்தாள். அதே கடையில் பில் போடுகிற பெண், பெயர் தேவயானி. மூலையில் கிடந்த தட்டில் ஒன்றைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாளாம், தன் அண்ணன் ஓட்டுகிற ஜீப்புக்கு ஒரு பக்கம் செய்தாளாம், அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் சவாரிக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். எடுத்ததற்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், அண்ணனின் கூட்டாளிக்கு இன்னொன்று வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து மணியார்டர் அனுப்புகிறேன் என்றாள். மார்க்காவும் பார்க்கவில்லை, சாக்கும் பார்க்கவில்லை, எங்கள் முகமும் பார்க்கவில்லை. ஆகவே மேலே நான் காரணம் என்று எழுதினது அத்தனையும் தப்பு. முடிவு மட்டும் சரி, அந்த நாற்காலியைக் கொடுத்துவிடவும். நான் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். கடைசியாக அந்தப் பெண் என்னமோ கேட்க, ஷீலா ரிசீவரைக் கையால் பொத்தி என்னைப் பார்த்தாள்.

"இதுல ஒரு பேருமே இல்லையே, கூட்டாளிகிட்ட என்னன்னு சொல்லன்னு கேக்குறாப்பா" என்றாள். கையை எடுத்துவிட்டு, அவளே பதிலும் சொன்னாள்: "தாய்க்கோழின்னு சொல்லுங்க."

— ஞா.