இரண்டு வில்லைக் காந்தமும் பேசாத உங்கள் அத்தையும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே இடது கை ஆள்காட்டி விரல் நீங்கலாக நான் முழு நலம். அங்கே நீங்களும் மகளும் பத்து விரலோடும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மோட்டார் பட்டறையிலிருந்து அனுப்பிய இரண்டு வில்லைக் காந்தங்களும் வந்து சேர்ந்தன. 'இரண்டையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம்' என்று சீட்டு வைத்திருந்தீர்கள். முப்பது வருடம் நூலகத்தில் உட்கார்ந்து ஊரையே படிக்கச் சொன்னவன் அதைப் படிக்கவில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவு சாமான் என்ன செய்துவிடும் என்று கிட்டே காட்டினேன், நாலு விரல் தூரத்திலிருந்தே பாய்ந்து என் விரலை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டன. ஆனாலும் ஆசை விட்டதா? பக்கத்து வீட்டு ஏசி மெக்கானிக்கிடம் அகலமான செம்புக் குழாய் ஒரு முழம் வாங்கி, அதற்குள் ஒன்றைப் போட்டேன். செம்பில் காந்தம் ஒட்டாது, ஆனாலும் பொத்தென்று விழவில்லை. மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வரும் மாப்பிள்ளை மாதிரி என்ன நிதானமாக இறங்குகிறது! நாள் முழுக்கப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், அலுக்கவேயில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் அத்தையின் தையல் மேஜையில் குண்டூசி டப்பா கவிழ்ந்தது. உதவலாமே என்று காந்தத்தை நீட்டினேன். குண்டூசியோடு அவளுடைய பெரிய கத்தரிக்கோலும் வந்து ஒட்டியது. பிய்த்து எடுத்தாயிற்று, ஆனால் அந்தக் குணம் கத்தரிக்கோலுக்கும் தொற்றிவிட்டது. துணியருகே கொண்டுபோனால் ஊசிகளெல்லாம் அதன்மேல் ஏறுகின்றன.

"நான் துணிய வெட்டறதா, ஊசியப் புடுங்கறதா? அந்தச் சனியன் வீட்டை விட்டுப் போற வரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க!" என்றாள்.

மூன்று நாளாயிற்று. தட்டு வைக்கும் சத்தம்தான் பேச்சு. திட்டியாவது தொலைக்கமாட்டாளா என்று ஏங்குகிறேன், மாப்பிள்ளை. ஆகவே இரண்டையும் இந்தக் கவரிலேயே வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். இனி இந்த வீட்டில் காந்தம் என்ற பேச்சே கிடையாது. இது சத்தியம்.

இருவரும் எந்நாளும் பிரியாமல், விரல் நசுங்காமல் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: கவரில் காந்தம் இல்லையே என்று தேட வேண்டாம். இரும்புத் தபால் பெட்டியின் வாயிலேயே கவர் ஒட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. காந்தம் ஒழிவதைக் கண்ணால் பார்க்கக் கூடவே வந்திருந்த உங்கள் அத்தை, "இப்படியா இழுக்கறது? தள்ளுங்க, நான் இழுக்கறேன்!" என்றாள். அந்த ஏச்சு காதில் தேனாகப் பாய்ந்தது. இழுத்த இழுப்பில் கவர் கிழிந்து காந்தங்கள் கையோடு வர, இருவரும் நடுத்தெருவில் விழுந்து உட்கார்ந்து சிரித்தோம். இப்போது ஒரு காந்தத்தைக் குச்சி நுனியில் கட்டி, கீழே விழும் ஊசிகளை அவளே பொறுக்குகிறாள். "மாப்பிள்ளையை இன்னும் ரெண்டு அனுப்பச் சொல்லுங்க. சீட்டை மட்டும் நான் படிக்கிறேன்" என்கிறாள்.