பிசாசுக்கு எத்தனை கரண்டி சர்க்கரை?

நரகத்திலிருந்து ஒரு பிசாசை வரவழைத்து, நாற்காலி கொடுத்து, தேநீர் ஊற்றி, "சர்க்கரை எத்தனை கரண்டி?" என்று விசாரித்த கல்லூரி இந்தப் பூவுலகில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் புனித மால்குயின் மந்திரக் கல்லூரி. நம்ப முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். எங்கள் முதல்வர் மார்ஜரி பிளெங்கினே வெகுநேரம் நம்பவில்லை. அவர் அந்தப் பிசாசுக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

எங்களுடையது பரம ரகசியமான கல்லூரி. கிழக்கு இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்தில், சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ரகசியத்தை நாங்கள் எப்படிக் காக்கிறோம் என்றால், பேருந்து ஓட்டுநர் "ரகசியக் காலேஜ் இறங்குறவங்க இறங்குங்க!" என்று கத்தும்போது எங்களில் ஒருவரும் அசையமாட்டோம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழையில் நனைந்துகொண்டே திரும்பி நடந்து வருவோம்.

சமீப காலமாக மாணவர்கள் வந்து குவிகிறார்கள். மந்திரம் படிக்க அல்ல, "இருண்ட சூழலில்" படிக்க. கறுப்புக் கோட்டு, மண்டை ஓடு, கக்கத்தில் லத்தீன் கவிதை, காதலியை இப்போதுதான் அடக்கம் செய்துவிட்டு வந்ததுபோல ஒரு முகம். மின்கம்பியை எலி கடித்ததால் நாங்கள் வேறு வழியில்லாமல் ஏற்றிய மெழுகுவர்த்திகள் இப்படியொரு நாகரிகமாகும் என்று யார் கண்டது? நிர்வாகம் உடனே "இருள் மேம்பாட்டுக் குழு" ஒன்றை அமைத்தது. பெருமூச்சு விடுதல், சன்னலோரம் சாய்ந்து நிற்றல் ஆகியவை பட்டப் படிப்புகளாயின. வகுப்பறை போதவில்லை. எனவே, "இதுகாறும் எதையும் வரவழைத்திராத காரணத்தால்" வரவழைத்தல் துறையை இழுத்து மூட ஒரு தீர்மானம் வந்தது.

அந்தத் துறையின் தலைவர், பேராசிரியர், துணைப் பேராசிரியர் எல்லாம் டாக்டர் ஹம்ஃப்ரி த்ரெல்ஃபால் ஒருவரே. தமது பணிக்காலம் முழுவதிலும் அவர் வரவழைத்தது ஒரே ஒரு வாத்தைத்தான். அதுவும் பக்கத்துக் குளத்திலிருந்து தானாக வந்திருக்கலாம் என்று பேச்சு. துறை போனால் கல்லூரிக்குள் அவர் குடியிருக்கும் அறையும் போகும். பிறகு கதி, லிங்கன் நகரில் அக்காள் வீட்டு மாடி. அக்காளோ அதிகாலையில் எழுந்து, ஊரையே எழுப்பும் ‘பேக்பைப்’ என்ற தோற்பைக் குழலை ஊதுகிறவர்.

"தைரியமா இருங்க டாக்டர்," என்றார் கல்லூரிச் செயலாளர் நெவில் டோட், தீர்மானத்தை வாக்குக்கு விடும் கூட்டத்துக்குப் போகும் வழியில். "குழல் சத்தம் பழகிடும்."

"உமக்கென்ன ஐயா, நீர் ஊதுறவர் பக்கத்துலயா படுக்கப் போறீர்?"

கூட்டத்தில் அவருக்குச் சில நிமிடம் பேச அனுமதி கிடைத்தது. த்ரெல்ஃபால் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சியிருந்த வித்தை முழுவதையும் திரட்டி மந்திரம் சொன்னார். பழைய கவிதை என்று நினைத்து உறுப்பினர்கள் மேசையை மெதுவாகத் தட்டிப் பாராட்டினார்கள்.

புகை எழுந்தது. முதல்வருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் ஒரு பிசாசு உட்கார்ந்திருந்தது. செக்கச்சிவந்த முகம், இரண்டு கொம்பு, சிரித்த வாய். எங்கள் அறையின் குளிரில் அதற்குப் பல் தந்தியடித்தது. நாற்காலியில் யாரோ விட்டுப்போன கறுப்பு அங்கியை எடுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டது.

த்ரெல்ஃபால் கத்தியேவிட்டார். பயத்தால் அல்ல, ஆனந்தத்தால். "முதல்வரே! பக்கத்துல பாருங்க!"

"பார்த்தேன். யாரும் எனக்கு அறிமுகம் பண்ணி வைக்கலையே. அறிமுகமில்லாதவங்களை முறைச்சுப் பார்க்கிறது நம்ம வழக்கமா டாக்டர்?"

அறிமுகம் செய்யலாமென்றால் த்ரெல்ஃபாலுக்கு அதன் பெயர் தெரியாது. கேட்கலாமென்றால், அவருக்கும் இன்னும் யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை.

"புதுப் பையன் போல," என்று முதல்வர் டோட்டின் காதைக் கடித்தார். "கொம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா முகத்துல இவ்வளவு சந்தோஷம் இருந்தா நம்ம சூழலுக்கு எடுபடாது. கொஞ்சம் வெளிறிப்போகச் சொல்லுங்க." பிறகு, சங்கடமான நேரங்களில் எங்கள் நாட்டார் செய்யும் ஒரே காரியத்தைச் செய்தார். தேநீர் ஊற்றி, "சர்க்கரை எத்தனை கரண்டி?" என்றார்.

"நாலுங்க," என்றது பிசாசு.

அதன் உடம்பிலிருந்து அனல் வீசியது. இந்தக் கல்லூரி கட்டப்பட்ட நாள்முதல் குளிரில் விறைத்திருந்த உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் நாற்காலிகளை அதன் பக்கம் நகர்த்தினார்கள்.

"நவம்பர்ல என்ன மேடம் இப்படி ஒரு இதம்?" என்றார் டோட்.

"தெக்கத்திக் காத்து," என்றார் முதல்வர். சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

பிசாசு தன் முன்னால் கிடந்த தீர்மானத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தது. "ஒம்பதாம் பக்கத்துல ஒரு சந்தேகங்க..."

மேசையில் சலசலப்பு. ஒன்பதாம் பக்கம் என்று ஒன்று இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரியும்.

"கேள்விகளைப் போன வாரமே எழுதித் தந்திருக்கணும்," என்று முதல்வர் முடித்தார். "வாக்கெடுப்புக்குப் போவோம்."

மூடச் சொன்ன கைகளும் வேண்டாமென்ற கைகளும் சரிசமமாக நின்றன. சமமானால் முதல்வரின் வாக்கே முடிவு. அவர் வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம்" பக்கம் இன்னொரு கை எழுந்தது. நகம் நீண்ட, புகை கசியும் கை.

"தீர்மானம் தோத்துடுச்சு," என்றார் டோட்.

"அந்தக் கை செல்லாது!"

"ஏன் மேடம்? கறுப்பு அங்கி போட்டு, முதல்வர் கையால தேநீர் வாங்கிக் குடிச்சவர் யாரும் இந்த மேசைக்கு உறுப்பினர்தான். இந்தக் கல்லூரியோட முதல் விதி. ஊத்தினது நீங்கதானே?"

"அவன் மாணவன்!"

"மாணவரும் சேர்த்திதான். ஒரே ஒரு விலக்குத்தான் இருக்கு. நரகத்துலேர்ந்து வந்தவங்களுக்கு ஓட்டுக் கிடையாது."

த்ரெல்ஃபால் மெல்ல எழுந்து நின்றார். அக்காளின் குழலோசை காதிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. "சொல்லுங்க முதல்வரே. நம்மவர்னா ஓட்டுச் செல்லும், என் துறை பிழைச்சுது. நரகத்தவர்னா நான் வரவழைச்சது நிஜம், தீர்மானத்துக்குக் காரணமே இல்ல. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

முதல்வர் பிசாசைப் பார்த்தார். அறிமுகம் இல்லாமலே, நேருக்கு நேர் பார்த்தார். அது பணிவாகச் சிரித்தது.

"வந்தது டாக்டர், வந்தது! நீங்கதான் வரவழைச்சீங்க, பிசாசேதான், ஒத்துக்கிறேன்!" என்று வெடித்தார் முதல்வர். "கொம்பைப் பார்த்தப்போகூட நான் நம்பல. ஆனா கை தூக்கறதுக்கு முன்னாடி தீர்மானத்தை ஒம்பதாம் பக்கம் வரைக்கும் படிக்கிற ஆளு, நம்ம காலேஜ்காரரா இருக்க வாய்ப்பே இல்ல!"