ஸுஹைரின் ஜீப்புக்கு மூச்சுக்குழாய்

ஆயத்தக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். "இந்த மாரி லேசாகப் போகவேணும்" என்று ஊரெல்லாம் கையேந்தும்போது, தான் வாங்கி வைத்த சாமானுக்கு வேலை வரவேண்டுமே என்று உள்ளுக்குள் சின்னதாக ஒரு வெள்ளத்துக்கு ஏங்குகிறவர். கெட்டவரல்ல. வெள்ளம் வந்தால் எல்லாரையும் காப்பாற்றப்போவதே அவர்தான். வராவிட்டால் பாவம், எப்படிக் காப்பாற்றுவது?

மூதூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஸுஹைர் இந்த இனத்தில் தலையானவர். நாலு சில்லும் இழுக்கும் டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். அதன் ஓரத்தில் பொனட்டிலிருந்து கூரைவரை கறுப்பாக ஒரு குழாய் ஏறி நிற்கும். வண்டி தண்ணீருக்குள் இறங்கும்போது எஞ்சின் மேலேயிருந்து மூச்சு இழுப்பதற்காம். அதைப் பற்றி அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கல்யாண வீட்டில் கேட்ட ஒருவருக்கு அன்று சாப்பாடு கிடைக்கவில்லை.

"டீசல் எஞ்சினுக்கு வேண்டியது மூச்சு மட்டும்தான். மூச்சு மேலால போனா, கழுத்தளவு தண்ணியும் தார் றோட்டுத்தான்!" என்பார்.

ஆனால் குழாய் பூட்டிய அன்று கராஜில் நடந்தது அவருக்கும் மெக்கானிக் றம்ஸானுக்கும் மட்டுமே தெரியும். குழாயை உள்ளே எஞ்சினோடு இணைக்க வேண்டுமானால் சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை வெட்டவேண்டும். றம்ஸான் வெட்டும் மெசினைத் தூக்கியதும் ஸுஹைருக்குத் தன் வயிற்றையே கிழிக்கப்போவது போலிருந்தது.

"பொறு, பொறு! ஒரிஜினல் பெயின்ட்!"

"வெட்டாம எப்பிடி நானா காத்துப் போகும்?"

"இப்ப வெளியில பூட்டி விடு. மாரிக்கு முன்னம் வெட்டுவம்."

மாரி வந்தது. வெட்டவில்லை.

அந்த மாரியில்தான் ஒருநாள் காலை, தோப்பூருக்கு அங்காலிருந்து நௌபர் தொலைபேசியில் அழைத்தான். ஸுஹைரின் மனைவி றிஷானாவுக்கு ஒரு தங்கை, ஷிஃபானா. நௌபர் அவளுடைய புருஷன்.

"நானா, ஷிஃபானாக்கு வலி துவங்கிட்டு. தாம்போதிக்கு மேலால தண்ணி பாயுது, அம்புலன்ஸ் வர ஏலாதாம். உங்கட ஜீப்தான் கதி!"

"ஓம், வாறன்" என்று வாய் சொல்லிவிட்டது. வாய்க்கு அது பழகிய வேலை.

றிஷானாவையும் ஏற்றிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது, தாம்போதி என்கிற, பாதையின் தாழ்ந்த பகுதி முழுவதையும் மூடிக்கொண்டு செந்நிறத் தண்ணீர் ஓடியது. கரையில் சனக்கூட்டம். "விலகுங்கடா, குழாய் ஜீப் வருது!" என்று ஒருவன் கத்த, கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. எத்தனை வருடக் கனவு! ஸுஹைர் இறங்கினார். தடியால் ஆழம் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ரயரை உதைத்தார். திரும்பவும் தடியை எடுத்தார்.

"என்னத்தப் பாக்கிறீங்க? இறக்குங்க!" என்றாள் றிஷானா.

"ஓட்டத்தப் பாக்கிறன்."

"அவள் அங்க துடிக்கிறாள்!"

ஏறினார், இறக்கினார். தண்ணீர் விளக்குகளைத் தொட்டு பொனட்டில் ஒரு அலையை அடித்ததும், போன வேகத்தைவிட அதிக வேகத்தில் பின்னால் எடுத்தார்.

"றிஷானா, குழாய் உள்ளுக்குப் போகேல்ல."

"எந்த உள்ளுக்கு?"

"மட்காட்ட வெட்டேல்ல. பெயின்ட் பழுதாகிடும் எண்டு..."

"அப்ப இது சும்மா ஒட்டி வச்சதா?"

"ஸ்க்ரூ போட்டிருக்கு" என்றார் ஸுஹைர் மெதுவாக.

றிஷானா கதவைத் திறந்து, வயலோரம் உழவு மெசினோடு நின்ற கதிராமனை நோக்கி ஓடினாள்.

"கதிராமண்ண, தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. கடக்க ஏலுமா?"

"ஏறுங்கோ பிள்ளை. உயர மெசின்தானே, மெல்லமாப் போவம்."

ஸுஹைர் கரையிலேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மெசினின் பின்பெட்டியில் தாவி ஏறினார். அக்கரையில் ஷிஃபானாவை ஏற்றித் திரும்பி வரும்போது அவளுக்கு மேலே தார்ப்பாய்ப் படங்கைப் பிடித்தபடி, தான் நனைந்து, தடுமாறி, "இந்தா வந்திட்டம் தங்கச்சி, இந்தா வந்திட்டம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். காய்ந்த பக்கம் வந்ததும் அவளை ஜீப்பில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பெண் குழந்தை. தாயும் சுகம். இருக்கையெல்லாம் சேறு அப்பியிருந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

குழந்தையின் நாற்பதாம் நாள் விருந்துக்குள் அவர் வாயில் அந்த வெள்ளம் பொனட்டுக்கு மேல் ஏறியிருந்தது. "அண்டைக்கு நாங்க கடந்தம் பாருங்க" என்று கதை தொடங்கும். அந்த "நாங்க"வுக்குள் கதிராமனின் மெசினும் ஒரு மூலையில் இருக்கும்தான். இப்போது அவர், சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் இரும்புக்கயிற்று வின்ச் ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிரித்தது போதும். உங்கள் அலுமாரிக்கு மேலே, ஒருநாள் கட்டாயம் தேவைப்படும் என்று உறைகூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே ஒரு சாமான்... அதன் பெயரை, வீட்டிலுள்ளவர்களுக்குக் கேட்காதபடி, என் காதில் மட்டும் சொல்லுங்கள்.