ஒசோரியோவின் கை நீளம்

2007 பெப்ரவரி 24, சனிக்கிழமை, மொன்றியலில் நடக்கவிருந்த நடுத்தர எடைக் குத்துச்சண்டைப் பட்டப் போட்டியின் முதல் மணி இரவு எட்டரைக்கு அடிக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

ஏழே முக்காலுக்கு அந்நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் பனிச்சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நூற்றி எண்பத்தெட்டு, நூற்றி எண்பத்தொன்று" என்று நிரூபன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். முதலாவது எண், சவால் விடும் மெக்சிக்கோக்காரன் ஒசோரியோவின் கை நீளம். மற்றது, பட்டத்தை வைத்திருக்கும் உள்ளூர்க்காரன் லாவலேயினது.

நிரூபன் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கணக்குப் பார்ப்பவன். ரத்தம் எடுக்கக் கையை நீட்டிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்பவன். போன ஞாயிறுவரை அவனுக்கும் குத்துச்சண்டைக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை.

எல்லாம் அவன் நண்பன் ஜெறோம் செய்த வேலை. அவன் இந்த வீட்டு மேல்மாடியில் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்தவன்.

"மச்சான், அந்த வீட்டில கிரிக்கெட் இல்லை, அரசியல் இல்லை. குத்துச்சண்டை மட்டும்தான். சண்டை நாளில கீழயிருந்து வாற சத்தத்துக்கு என்ர கட்டில் ஆடும். அதில நாலு வார்த்தை கதைச்சியெண்டால் பெட்டை உனக்குத்தான்."

"எனக்கு ஒண்டும் தெரியாதே."

"நீ கணக்குக்காரன்தானே? கணக்கைப் பாடமாக்கு."

தான் காதலித்து, இன்று பெண் கேட்டு வந்திருக்கும் அஞ்சலீனாவிடம் அவன் இதைச் சொல்லவில்லை. அவளை வியக்க வைக்கலாம் என்று நினைத்தான். அவள் தன் பங்குக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "இண்டைக்குச் சரிவராட்டி, அடுத்த சனி ரொறன்ரோவில இருந்து ஒரு பல் டொக்டர் வாறார். பெரியம்மா கொண்டு வாற சம்பந்தம். வீட்டில வேண்டாமெண்டால் நான் வீட்டை எதிர்த்து வரமாட்டன், நிரூ."

கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா அருமைநாதன். மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்தவர். இஸ்திரி போட்ட சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. குளிருக்க நிக்காதீங்க."

வரவேற்பறையில் பெரிய தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வீரர்களின் படமும் பக்கத்துப் பக்கத்தில். குசினியில் எண்ணெய் பொரியும் சத்தம். அஞ்சலீனாவின் அம்மா பிலோமினம்மா உள்ளே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்; "வாங்க" என்ற குரல் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை.

ஊர் விசாரிப்பு முடிந்தது. வேலை விசாரிப்பு முடிந்தது.  இதுதான் நேரம் என்று நிரூபன் எண்ணினான்.

"இண்டைக்கு ஒசோரியோதான் அங்கிள். கை நீளம் ஏழு சென்ரிமீற்றர் கூட. தூர நிண்டு இடது கையால குத்திக்கொண்டே இருப்பான். லாவலேக்குக் கிட்ட வரவும் ஏலாது."

அருமைநாதன் கதிரையை விட்டு எழுந்தார். 

"ஒரு நிமிசம் இரிங்க தம்பி. தேத்தண்ணி என்னமாதிரி எண்டு பாத்திட்டு வாறன்."

போனார். திரும்பி வந்தார். கையில் தேநீர் இல்லை.

"கை நீளத்தை வைச்சு என்ன செய்யிற? லாவலே தலையைப் பதிச்சுக்கொண்டு உள்ளுக்குப் பூந்து விலாவுக்க அடிக்கிறவன். நெஞ்சோட நெஞ்சு முட்டி நிண்டால் நீட்டுக் கை மடங்காது. இடைஞ்சல்தான்."

 இதற்கு ஒரு பதிலை நிரூபன் பாடமாக்கியிருக்கவில்லை. தெரிந்த எண்ணுக்குத் தாவினான்.

"ஆனால் அங்கிள், ஒசோரியோ இருபத்தொன்பது சண்டையும் வெண்டவன். அதில இருபத்திநாலு நொக்கவுட். லாவலே மூண்டுதரம் தோத்தவன். வயசும் முப்பத்திமூண்டு."

"ம்..." அருமைநாதன் எழுந்தார். "மிக்சர் வைக்க மறந்திட்டன்."

இம்முறை மிக்சர் வந்தது. அதோடு இதுவும் வந்தது:

"அந்த இருபத்திநாலு பேரில முக்கால்வாசி, விழுறதுக்கெண்டே காசு குடுத்துக் கூட்டி வந்த ஆக்கள். எட்டாம் ரவுண்டைத் தாண்டி அவன் எத்தினைதரம் நிண்டவன், சொல்லுங்க பாப்பம்?"

அது எந்த அட்டவணையிலும் இருக்கவில்லை. நிரூபன் மிக்சரில் ஒரு கடலையைத் தேடி எடுத்து, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்திருந்தான்.

அஞ்சலீனா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கண்ணைக் குசினிப் பக்கம் உருட்டி, உதட்டைக் கடித்து, தலையை இரண்டுதரம் ஆட்டினாள். அப்பாவுக்கு விட்டுக்கொடு என்கிறாள் என்று அவன் விளங்கிக்கொண்டான்.

விட்டுக்கொடுத்தால் அவர் மனம் இளகும் என்று அவனுக்குப் பட்டது.

"நீங்க சொல்லுறதுதான் சரி அங்கிள். யோசிச்சுப் பாத்தால் லாவலேதான் வெல்லுவான்."

அருமைநாதனின் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. "அப்ப நல்லம்" என்று சொல்ல வாயெடுத்தவர், குசினியில் அகப்பை சட்டியில் ஓங்கித் தட்டுப்படும் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போனார். இந்தமுறை சாட்டுக்கூடச் சொல்லவில்லை. வரும்போது முகம் மாறியிருந்தது.

"தம்பி, குறை நினைக்கப்படாது. கால் மணித்தியாலத்துக்க கட்சி மாறுறீங்க. ஒரு பக்கம் நிலையா நிக்கத் தெரியாத ஆளுக்குப் பிள்ளையை எப்பிடிக் குடுக்கிற?"

நிரூபனின் கண்முன் ரொறன்ரோப் பல் டொக்டர் வந்து நின்றார். வெள்ளைப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எதிராக, வாழ்க்கையில் சொல்லியே இராத அளவுக்குப் பெரிய பொய்யொன்றை நிரூபன் சொன்னான்.

"நான் கட்சி மாறேல்ல அங்கிள். ரெண்டு பக்கமும் பாக்கத் தெரிஞ்சவன். திருகோணமலையில பள்ளிக்கூடத்துக்காகக் குத்துச்சண்டை போட்டனான்."

குசினியில் பொரியும் சத்தம் சட்டென்று தணிந்தது. யாரோ அடுப்பைக் குறைத்திருக்கிறார்கள்.

அருமைநாதன் உள்ளே போய் வந்தார். இந்தமுறை தயங்கித் தயங்கி, நீதிமன்றத்துக்கு வந்த சாட்சிபோல் நின்றார்.

"எழும்பி நில்லுங்க தம்பி."

"என்ன அங்கிள்?"

"எப்பிடி நிண்டு அடிப்பீங்க எண்டு காட்டுங்க. கால் வைக்கிறதைப் பாத்தால் தெரிஞ்சிடுமாம்... தெரிஞ்சிடும்."

மணி எட்டு இருபது. தொலைக்காட்சியில் லாவலே மேலங்கியோடு நடந்து வந்துகொண்டிருந்தார். நிரூபன் எழுந்தான். இரண்டு காலையும் அகட்டி, பேருந்தில் கம்பி கிடைக்காதவன் போல் நின்றான். கைமுட்டிகளை முகத்துக்கு நேரே பிடித்தான்.

"அடிங்க, பாப்பம்."

கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். அதே நேரம் தேநீர்த் தட்டோடு அஞ்சலீனா கதவடியில் திரும்பினாள். தட்டு மேலே போனது. மூன்று தேநீரும் அருமைநாதனின் இஸ்திரிச் சட்டையில் இறங்கின. "ஐயோ!" என்று பின்னுக்கு எட்டி வைத்த நிரூபனின் கால் வயரில் சிக்கியது. இழுத்தான்.

தொலைக்காட்சி அணைந்தது.

"அப்பா!" என்றாள் அஞ்சலீனா. சுடுதேநீரைப் பற்றி அவள் கேட்கவில்லை. கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருமைநாதனும் சட்டையைக் கவனிக்கவில்லை. தொலைக்காட்சிக்குப் பின்னால் முழங்காலில் விழுந்து தூசிக்குள் தடவினார்.

"செருகுங்க தம்பி. கெதியாச் செருகுங்க!"

நிரூபன் செருகினான். திரையில் நீலம் வந்தது. கேபிள் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. காசு கட்டி எடுத்த ஒளிபரப்பு எங்கோ சிக்கிக்கொண்டு நின்றது. மணி அடிக்க ஐந்து நிமிடம்கூட இல்லை.

முழங்காலில் இருந்தபடியே நிரூபன் எல்லாவற்றையும் கொட்டினான்.

"அங்கிள், நான் சொன்னது முழுக்கப் பொய். ஒருநாளும் குத்துச்சண்டை போடேல்ல. பாத்ததுமில்ல. ரத்தம் கண்டால் எனக்குத் தலை சுத்தும். உங்களுக்குப் பிடிக்குமெண்டுதான்..."

"இப்ப அதா முக்கியம்?" அருமைநாதன் பெட்டியின் தலையில் தட்டிக்கொண்டிருந்தார். தட்டும்போதெல்லாம் குசினிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு விளையாட்டைத் தவறவிடப் போகிறவரின் பதற்றமாக அது தெரியவில்லை. தவணை அறிக்கையோடு வீட்டுக்குப் போகும் மாணவனின் பயம் அது.

குசினியில் அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் நடைவழியில் வந்தது. அருமைநாதன் தட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே குனிந்திருந்தார்.

பிலோமினம்மா முன்றானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இருவரையும் ஒருதரம் பார்த்தார். பெட்டியின் பின்புறம் எதையோ கழற்றி மாட்டினார். திரையில் சண்டை மேடை வந்தது, நடுவர் வந்தார், இரண்டு மூலையிலும் இரண்டு பேர் வந்தார்கள். சோபாவின் நட்டநடுவில் அமர்ந்து சத்தத்தைக் கூட்டினார். மேல்மாடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"நான் குசினிக்க நிண்டு சொல்லிவிடுற கேள்வியை ஒழுங்காக் கேக்க இவருக்குத் தெரியா, பதில் சொல்ல உங்களுக்கும் தெரியா, இருபத்தாறு வருசமா ஒண்டோட சமாளிச்சன், இனி ரெண்டு... தள்ளுங்க, மறைக்காதீங்க, போய் மிச்ச ரோல்ஸைப் பொரிச்சுக்கொண்டு வாங்க, மருமகன்!"

லாவலே பத்தாம் ரவுண்டில் வென்றார். அந்த அடியை நிரூபனும் அருமைநாதனும் பார்க்கவில்லை. அவர்கள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள்.