ஏழு உயிரினங்களுக்கு நன்மை பயத்த நெல்

பரிணாமம் என்பது பல கோடி ஆண்டுகள் இழுத்தடிக்கும் வேலை. அதை மூன்றே கூட்டங்களில் முடித்துக் காட்டிய பெருமை, நெடுங்கேணிப் பக்கத்து ‘நெற்பயிர் விகார நன்மை தீமை ஆராய்வுக் குழு’வுக்கே உரியது.

அந்தப் பெருமைக்கு இடம் கொடுத்தது ஜெகதீஸ்வரியின் வயல். குளம் நிரம்பி வான்பாய்ந்தால் வெள்ளம் முதலில் அவளிடம்தான் வரும். இந்த மாரியில் பதினாறு நாள் தங்கி, இரண்டு ஏக்கர் நெல்லையும் அழுகவைத்துவிட்டுப் போனது. ஒரே ஒரு பயிர் மட்டும், எதுவும் நடக்காததுபோலப் பச்சைப் பசேலென்று நின்றது. ஜெகதீஸ்வரி அதைச் சுற்றிப் பழைய சேலையால் வேலி கட்டினாள். கதிர் முற்றினால் விதைக்கலாம். நாலைந்து போகத்தில் வயல் நிறையும். பிறகு குளம் விரும்பியபடி வான்பாயட்டும். இன்னும் பள்ளத்தில் வயல் வைத்திருக்கும் பக்கத்துவீட்டுச் சிவலட்சுமிக்கு, அவள் கேட்காமலே, ஒரு கைப்பிடி விதை தருவதாகவும் சொல்லிவிட்டாள்.

செய்தி அறிந்து குழு வந்தது. தலைவர் அப்புத்துரை, ஓய்வுபெற்ற பிறகும் ஓயாதவர். செயலாளர் செந்தூரன், கையிலுள்ள கோப்புக் கட்டைக் கீழே வைக்காதவர். மற்ற ஐவரும் தலையாட்டுவதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள்.

“தங்கச்சி, இது விகாரம்,” என்றார் அப்புத்துரை, வரம்பில் நின்றபடி.

“ஐயோ, ஏனையா அப்பிடிச் சொல்லுறியள்? வடிவாத்தானே நிக்குது.”

“அது விஞ்ஞானச் சொல்லு. பரம்பரையலகு, அதுதான் மரபணு, தன்ர பாட்டில மாறிப்போச்சு. அந்த மாற்றத்தால நன்மையும் வரலாம், தீமையும் வரலாம், ஒண்டும் வராமலும் விடலாம்.”

“வெள்ளத்தில சாகாதது நன்மைதானே?”

“அதைக் குழுவெல்லோ தீர்மானிக்க வேணும்,” என்றார் செந்தூரன். “நெல்லு தானாத் தீர்மானிக்கேலாது அக்கா.”

முதற்கூட்டத்தில் குழுவின் இலச்சினை அங்கீகரிக்கப்பட்டது. இரண்டாவது கூட்டத்தில் இலச்சினையிலிருந்த எழுத்துப்பிழை வன்மையாகக் கண்டிக்கப்பட்டது. இதற்கிடையில் நெல், யாரிடமும் அனுமதி பெறாமலே முற்றிவிட்டது.

‘பாதுகாப்புக் கருதி’ கதிர்களைப் பொறுப்பெடுக்கச் செந்தூரன் மோட்டார் சைக்கிளில் வந்தார். வெயிலில் வந்த பிள்ளை என்று ஜெகதீஸ்வரி மோர் கொடுத்தாள்.

“ஒரு மணியும் சிந்தாமல் வைச்சிருப்பம் அக்கா. மூண்டாம் கூட்டத்துக்கு வாங்கோ, விதையைக் கையில தருவம்.”

அவள் நம்பினாள். மோர் குடித்த வாய் பொய் சொல்லும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டு துணிப்பைகளோடு போனாள். ஒன்று அவளுக்கு, சின்னது சிவலட்சுமிக்கு. மண்டபத்தில் குத்துவிளக்கு எரிந்தது. அம்மன் படத்துக்கு முன்னால் வாழையிலையில் கொஞ்சம் பொங்கல். மேசையில் ஏழு தட்டுகள், வழித்துத் துடைத்தபடி.

“வாங்கோ தங்கச்சி! புதிர் எடுத்து அம்மனுக்குப் படைச்சாச்சு.”

புதுநெல்லில் முதற்பிடியைப் பொங்கித் தெய்வத்துக்குப் படைத்த பிறகே மற்றவர் உண்ணும் வழக்கம் அது. அவளும் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

“எந்த நெல்லில ஐயா?”

“உங்கட நெல்லிலதான். அம்மனுக்குப் படைக்காமல் விதைச்சால் குற்றமெல்லே?”

“புதிருக்கு ஒரு பிடி போதுமே. மிச்சம்?”

செந்தூரன் கோப்பைப் புரட்டினார். “ஒரு பிடி ஏழு பேருக்குக் காணாதக்கா. எல்லாத்தையும் போட்டும் காணேல்ல. பால் கூட விட்டுத்தான் சமாளிச்சம்.”

அம்மன் தன் இலையில் ஒரு பருக்கையும் குறைத்திருக்கவில்லை. ஜெகதீஸ்வரி சின்னப் பையை மடித்துப் பெரிய பைக்குள் வைத்தாள்.

“முடிவை எழுதும் தம்பி,” என்றார் அப்புத்துரை, மீசையைத் துடைத்துக்கொண்டு. “மேற்படி விகாரம் உயிரினங்களுக்கு நன்மை பயக்கும். ஏழு உயிரினங்கள் உண்டன. ஒன்றுக்கும் வயிற்றோட்டம் இல்லை.”

ஏகமனதாக நிறைவேறியது. ஐவரும் தலையாட்டினர்.

“அக்கா, விவசாயியின்ர அறிக்கையையும் நிரப்பித் தாங்கோ. அது இல்லாமல் கோப்பை மூடேலாது.”

அவள் பேனையை வாங்கி, ‘பயிரை அழித்த உயிரினங்களும் எண்ணிக்கையும்’ என்ற இடத்தில், எழுத்துக் கோணாமல் மெதுவாக எழுதினாள்:

‘எலி: இல்லை. மயில்: இல்லை. காட்டுப்பன்றி: இல்லை. குழு: ஏழு.’